பூந்தோட்டப் போர்வை

பூந்தோட்டப் போர்வை: அறுகோணமாக மடித்த சிறு துணித்துண்டுகளைப் பூக்களாகவும் பூக்களினூடே செல்லும் நடைபாதைகளாகவும் கையால் இணைத்து, அடியில் பஞ்சடுக்கும் அடித்துணியும் வைத்துத் தைக்கப்படும் ஒட்டுத்துணிப் போர்வை. அமெரிக்க இல்லங்களில் ‘பாட்டியின் பூந்தோட்டம்’ என்னும் பெயரால் இது பிரசித்தி பெற்றது. கட்டில் முழுவதையும் மூடும் அளவிலும் தைப்பதுண்டு. அமர்ந்திருப்பவர் மடியை மூடுமாறு ஏறத்தாழ 4 அடி அகலமும் 5 அடி நீளமுமாகத் தைப்பது மடிப்போர்வை எனப்படும்.

வரலாறு: பெயர் அமெரிக்காவினது; முறையோ இங்கிலாந்தினது. காகித அச்சின்மேல் துணியை மடித்துத் தைக்கும் இம்முறையின் புராதனத்துக்கு 1718ஆம் ஆண்டு பொறிக்கப்பெற்ற பட்டு விரிப்பு ஒன்று சான்றாக நிற்கிறது. ஆண்டுக் குறிப்புடைய பிரிட்டிஷ் ஒட்டுத்துணி விரிப்புகளில் அதனினும் பழையது கிடைத்திலது. அக்காலத்தே சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிச் சென்ற சீட்டித் துணிகளின் பூங்கொடிகளும், துவைத்தாலும் நீங்காத சாயமும் ஆங்கில மாதரின் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தமையால், உள்நாட்டு நெசவாளர் கிளர்ச்சி செய்ய, அந்நாட்டுப் பாராளுமன்றம் 1721இல் அச்சிட்ட பருத்தித் துணிகளின் உபயோகத்தைத் தடுத்துச் சட்டம் இயற்றிற்று. அது 1774இல்தான் தளர்ந்தது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் அறுகோணத் தையல் இங்கிலாந்தில் பரவி, தேன்கூட்டை ஒத்திருந்தமையால் அப்பெயரே பெற்றது. காகிதத்துக்காகப் பழைய கடிதங்களையும் கணக்கேடுகளையும் வெட்டினர். முற்றுப்பெறாது நின்ற போர்வைகளில் இவை இன்றும் ஒட்டியிருப்பதால், அவற்றில் காணும் ஆண்டுக்கு முன்னர் அப்போர்வை தைக்கப்பட்டிராது என்று துணியலாம். யாருக்கோ எழுதிய மடலொன்று இரு நூற்றாண்டுகளாக ஒரு துணிப்பூவின் உள்ளே உறங்குவது நெஞ்சை நெகிழ்விப்பது.

அமெரிக்காவில் பிலடெல்பியாவிலிருந்து வெளிவந்த ‘கோடேய்ஸ் லேடீஸ் புக்’ என்னும் மாதர் சஞ்சிகை 1835இல் அறுகோண மாதிரியை வெளியிட்டது. ஆயினும் அது தோட்டமாக மலர்ந்தது 1920களிலும், பொருளாதார மந்தத்தால் குடும்பங்கள் நலிந்த 1930களிலுமே. மாவும் தீவனமும் வந்த பூப்போட்ட பருத்திச் சாக்குகளைப் பிரித்து, உடைக்குப் பயன்பட்டது போக எஞ்சிய துணுக்குகளைக்கொண்டு வறுமையிலும் ஒரு வசந்தத்தைப் பெண்கள் விரித்தனர். இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா நகரினரான ஆல்பர்ட் ஸ்மால் என்பார் 1,23,200 துண்டுகளால் ஒரு போர்வை தைத்து, இக்கலை ஆடவர்க்கும் உரியதென நிலைநாட்டினார்.

செய்முறை: பக்கம் ஓர் அங்குலமுள்ள அறுகோணங்களாகத் தடித்த காகிதத்தை வெட்டி, சுற்றிலும் கால் அங்குலம் மிகுமாறு துணியை நறுக்கி, மிகுதியைப் பின்புறம் மடித்து நீண்ட ஓட்டுத் தையலால் பிடிக்கவேண்டும். பின்னர் இரண்டு துண்டுகளை முகத்தோடு முகம் வைத்து, விளிம்பின் ஓரிரு இழைகளை மட்டும் ஊசி பற்றுமாறு நெருக்கமாகச் சுற்றித் தைப்பர். நடுவே மகரந்தமாக மஞ்சள் துண்டு ஒன்று. அதைச் சூழ ஒரே வண்ணத்தில் 6. அவற்றைச் சூழப் பூப்போட்ட துணியில் 12. ஆகப் பூவொன்றுக்கு 19 துண்டுகள். பூக்களுக்கிடையே வெள்ளை அல்லது இளம்பச்சைத் துண்டுகள் பாதையாக ஓடும். மடிப்போர்வைக்கு ஏறத்தாழ 40 பூக்களும், பாதையோடு சேர்த்துச் சுமார் 1,100 துண்டுகளும் வேண்டும். மூன்று துண்டுகள் கூடும் முனையில் கோணம் சிறிது பிழைத்தாலும் பரப்பு முழுதும் சுருங்குமாதலால், காகிதத்தை வெட்டுவதிலேயே முழுச் சிரத்தை வேண்டும். ஒரு துண்டின் ஆறு பக்கங்களும் அண்டைத் துண்டுகளோடு இணைந்த பின்பே அதன் காகிதத்தை உருவலாம். இறுதியில் மூன்று அடுக்குகளையும் ஊடுருவும் சிறு தையல்கள் ஒவ்வோர் அறுகோணத்தின் உள்விளிம்பை ஒட்டிச் செல்லும்.

இக்காலத்தில் வெட்டிய காகித அச்சுகள் கடைகளில் கிடைக்கின்றன. தையற்பொறியால் இணைப்பாரும் உளர்.