ஏழு கன்னியர் மலையும் விமானியின் கவனமும்



கண்டி மாநகருக்கு விமான நிலையம் இல்லை. நாற்புறமும் மலை சூழ்ந்த அந்நகருக்கு வான்வழியே வர விரும்பியோர் அண்மைக் காலத்தில் நீரையே ஓடுபாதையாகக் கொண்டனர். மகாவலி கங்கையைத் தடுத்து 1976இல் நிறைவேறிய பொல்கொல்ல அணைக்கட்டின் நீர்ப்பரப்பிலே, மிதவை பூட்டிய சிறு விமானங்கள் வந்திறங்கிய காட்சியை அவ்வூரார் கரையில் நின்று கண்டதுண்டு.

அவ்விமானங்களில் ஒரு விந்தை உண்டு. மிதவைகளுக்குள்ளேயே சக்கரங்களும் அமைந்திருக்கும். கட்டுநாயக்கவில் சக்கரங்களின் மேல் ஓடி எழும்பும் விமானம், பொல்கொல்லவுக்கு வந்ததும் அவற்றை உள்ளே மடக்கிக்கொண்டு நீரில் இறங்கவேண்டும். தரையில் இறங்கும்போது சக்கரத்தை நீட்ட மறந்தால் விமானத்தின் அடிப்புறம் உராய்ந்து பழுதாகும். உயிர் பெரும்பாலும் தப்பும். நீரில் இறங்கும்போது மடக்க மறந்தாலோ, சக்கரம் நீரிலே இடறி, விமானம் தலைகீழாய்க் கவிழ்ந்துவிடும். இத்துணை எளிய செயலை, ஆண்டுக்கணக்கில் பயின்ற ஒருவர் எங்ஙனம் மறப்பார் என்று நாம் வியக்கலாம். ஆனால், இறங்கும் வேளையில் விமானியின் மனம் எவ்வாறு வழிதவறுகிறது என்பதற்கு மலைநாட்டிலேயே பெரியதொரு சான்று உண்டு. அது சிறு விமானத்தின் கதையன்று. எனினும் சிறு விமானம் ஓட்டுவோர் மறக்கலாகாத கதை.

கண்டியிலிருந்து தெற்கே நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாகச் சென்றால் நோட்டன் பிரிட்ஜ் என்னும் சிற்றூர் வரும். அதனருகே சிகரங்கள் வரிசையாய் நிற்கும் மலைத்தொடரை ஏழு கன்னியர் மலை என்பர். சப்த கன்னியரை ஊர்தோறும் கல் நட்டு வழிபடும் நமக்கு அப்பெயர் அந்நியமன்று. அடிவாரமெங்கும் தேயிலைத் தோட்டங்கள். அங்கே வாழ்வோருட் பெரும்பாலார் நம்மவரே.

1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரவு பத்து மணி கடந்தது. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர் 182 பேரையும் பணியாளர் 9 பேரையும் ஏற்றிய நெதர்லாந்து நாட்டு மார்ட்டின்எயர் நிறுவனத்தின் டிசி-8 விமானம் கட்டுநாயக்கவை நோக்கிக் கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. இறங்கத் தொடங்க இசைவும் கிடைத்துவிட்டது. விமான நிலையம் அண்மையில் இருப்பதாக விமானிகள் எண்ணினர், இருந்ததோ மலை. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,300 அடி உயரத்தில் விமானம் மலைமுகத்தில் மோதிற்று. 191 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இலங்கை மண்ணில் நேர்ந்த விமான விபத்துகளுள் இன்றுவரை இதுவே மிகக் கொடியது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இறங்கும் விமானம் ஒரு கடல்மைல் முன்னேறுவதற்குள் ஏறக்குறைய 300 அடி தாழ்வது வழக்கம். கட்டுநாயக்க கடல்மட்டத்தை ஒட்டியது. எனவே 4,300 அடியில் பறக்கும் விமானம் நிலையத்துக்குப் பதினான்கு கடல்மைல் அளவில் வந்திருக்கவேண்டும். ஆனால் அம்மலை கொழும்பிலிருந்து ஏறத்தாழ நாற்பது கடல்மைல் கிழக்கே உள்ளது. தாம் இருக்கும் இடத்தை அவர்கள் தவறாகக் கணித்தனர் என்றும், டொப்ளர் கருவியையும் வானிலை ராடாரையும் சார்ந்திருந்தமை அத்தவறுக்கு இடந்தந்தது என்றும் விசாரணையாளர் கருதினர். இங்கே கவனம் சிதறவில்லை. ஒரே முடிவைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டது. நோட்டன் பிரிட்ஜில் அவ்விமானத்தின் சக்கரமொன்று நினைவாக வைக்கப்பட்டுள்ளது.

கவனம் சிதறியதால் நேர்ந்த விபத்து அதே ஆண்டில், மூன்று மாதத்துக்கு முன்னர், அமெரிக்காவிலே நிகழ்ந்தது. செப்டம்பர் 11ஆம் நாள் காலை, சார்லட் நகரில் மூடுபனியூடே இறங்க வந்த ஈஸ்டர்ன் நிறுவனத்தின் விமானம் ஓடுபாதையை எட்டுமுன் தரையில் மோதிற்று; 72 பேர் மாண்டனர். விமானியறையின் ஒலிப்பதிவைக் கேட்டபோது, இறங்கும் வேளையில் இருவரும் அரசியலையும் பழைய மோட்டார் வண்டிகளையும் பற்றிப் பேசியிருந்தது தெரிந்தது. அருகிலிருந்த கேளிக்கைப் பூங்காவின் கோபுரம் தென்படுகிறதா என்றும் தேடியிருக்கின்றனர். உயரமானி மட்டும் அவர்கள் கருத்தில் இல்லை. இத்தகைய விபத்துகளின் பயனாக 1981இல் அந்நாட்டில் ஒரு விதி பிறந்தது: பயணிகளை ஏற்றிச்செல்லும் நிறுவனங்களின் விமானிகள், தரையில் ஓடும்போதும், எழும்பி இறங்கும்போதும், வழிப்பயணம் நீங்கலாக 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போதும், விமானத்தின் பாதுகாப்புக்கு இன்றியமையாத பேச்சையும் செயலையும் அன்றி வேறொன்றிலும் ஈடுபடலாகாது.

தன் சொந்தச் சிறு விமானத்தை ஓட்டுபவரை அவ்விதி கட்டுப்படுத்தாது. அவருக்குத் துணைவிமானியும் பெரும்பாலும் இல்லை. வேகத்தைக் குறைப்பதும், கட்டுப்பாட்டு நிலையத்துக்கு மறுமொழி கூறுவதும், காற்றின் திசை பார்ப்பதும், வேறு விமானம் குறுக்கிடுகிறதா என்று நோக்குவதும் அவர் ஒருவர் கடமையே. பக்கத்தில் இருப்பவரோ உறவினர் அல்லது நண்பர். 'அதோ தலதா மாளிகை! ஏரி எவ்வளவு அழகு! சற்றே சாய்த்துப் பறக்கலாகாதா?' என்று அவர் கேட்பது இயல்பு. இன்று கைப்பேசி வேறு கூவுகிறது. சக்கரத்தின் நெம்புகோலுக்குக் கை போகும் கணத்திலே ஒரு கேள்வி குறுக்கிட்டால், செய்யவெண்ணிய செயலைச் செய்துவிட்டதாகவே மனம் பதிந்துகொள்ளும். மறதியிலும் கொடியது இது. மறந்தவர் ஐயப்படவாவது கூடும், செய்துவிட்டதாக நம்புபவர் மீண்டும் பார்ப்பதில்லை. அதனால்தான் சரிபார்க்கும் பட்டியல் இடையில் தடைப்பட்டால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதலிலிருந்தே படிக்கவேண்டும் என்று பயிற்றுநர் கற்பிப்பர். எழும்புமுன்னரே, 'இறங்கும்போது நான் சொல்லும்வரை பேசவேண்டாம். வேறு விமானம் தென்பட்டால் மட்டும் சொல்லுங்கள்' என்று உடன் வருவோரிடம் கூறிவைப்பதும் நல்ல விமானிகளின் வழக்கம்.

கரையில் நிற்கும் சிறுவர் கையசைக்க, இறங்கும் விமானி திரும்பிப் பாராது போனால், அவரைச் செருக்குடையவர் என்று எண்ணவேண்டாம். நீரையும் நிலத்தையும் மாறி மாறித் தொடும் விமானங்களை ஓட்டுவோர், அந்த வேளையில் தமக்குத் தாமே வாய்விட்டுச் சொல்லும் ஒரு வாசகம் உண்டு: 'இறங்குவது நீரில், சக்கரம் மேலே உள்ளது.' சொல்லிவிட்டுக் கண்ணால் ஒருமுறை பார்ப்பர். நீர் நெருங்கியதும் மீண்டும் அதையே சொல்லி, மீண்டும் பார்ப்பர்.