தமிழ்க் கிறித்தவ வழிபாட்டு இசை

தமிழ்க் கிறித்தவ வழிபாட்டு இசை என்பது தமிழ்ப் பேசும் கிறித்தவர்கள் ஆலய வழிபாட்டில் பயன்படுத்தும் இசை மரபுகளின் தொகுப்பு ஆகும். சீர்திருத்தத் திருச்சபைகளில் இது ஞானப்பாட்டு, கீர்த்தனை, நாட்டுப்புற இசை என மூன்று மரபுகளைக் கொண்டுள்ளது.

ஞானப்பாட்டுகள்

1706 ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் முதலிய லூத்தரன் மிசனரிகள், செருமானியப் பாடல்களைத் தமிழில் மொழிபெயர்த்தனர். இவை மூல மெட்டிலேயே பாடப்பட்டன. மெட்டுக்கேற்பச் சொற்களை அமைக்க வேண்டியிருந்ததால், தமிழின் குறில் நெடில் ஓசை பல இடங்களில் சிதைந்தது.

கீர்த்தனைகள்

பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் அமைப்பில் கருநாடக இசையைத் தழுவி அமைந்தவை கீர்த்தனைகள். பாடல் நூல்களில் இவற்றுக்கு இராகமும் தாளமும் குறிக்கப்படுவது வழக்கம். இவற்றை இயற்றியவர்களுள் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) முதன்மையானவர். இவர் மிசனரி சுவார்ட்சிடம் கல்வி பயின்றவர்; பெத்லகேம் குறவஞ்சியின் ஆசிரியர். பின்னர் வந்த மிசனரிகள் தமிழ் இசையை ஆராதனையிலிருந்து விலக்க முற்பட்டபோது அதனை எதிர்த்து எழுதினார். எனினும், திருச்சபையில் சாதி வேறுபாட்டை நீக்கும் அவர்களது முயற்சியையும் அவர் எதிர்த்தார். மதுரை அமெரிக்க மிசனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853 இல் கீர்த்தனைத் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்.

நாட்டுப்புற இசை

கீர்த்தனை உயர்சாதியினரின் இசை மரபைச் சார்ந்தது என்னும் விமர்சனம் 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தது. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (1940-2005) நாட்டுப்புற மெட்டுகளில் வழிபாட்டுப் பாடல்களை இயற்றினார். 'பரட்டை' என்றும் அறியப்பட்ட இவர், பேச்சுத்தமிழில் எழுதினார். இறைவனைத் தாயும் தந்தையுமாகக் கருதி, 'பெத்தவரு' என அழைத்தார்.

சாவுக்கு அடிக்கும் கருவி எனவும் தீட்டு எனவும் பறை ஒதுக்கப்பட்டிருந்தது. அதனை அடிக்கும் பணி தலித் மக்கள் மீது சாதிக்கடமையாகச் சுமத்தப்பட்டிருந்தது. எனவே ஆலயத்தில் பறை ஒலிப்பது, இசை மாற்றமாக மட்டுமன்றி, அம்மக்களின் தன்மதிப்பை நிலைநாட்டும் செயலாகவும் கருதப்பட்டது. இதனாலேயே அதற்கு எதிர்ப்பும் எழுந்தது.

கத்தோலிக்கத் திருச்சபை

கத்தோலிக்க வழிபாட்டில் இலத்தீன் மொழியும் கிரெகோரியன் பாடலும் நெடுங்காலம் முதலிடம் பெற்றிருந்தன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு, மறைபரப்பு நாடுகளின் சொந்த இசை மரபுகளுக்கு உரிய இடம் அளிக்குமாறு வலியுறுத்தியது. அதன்பின் தமிழ்த் திருப்பலிப் பாடல்கள் பெருகின.

தற்போதைய நிலை

தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயங்களில் ஒரே ஆராதனையில் ஞானப்பாட்டும் கீர்த்தனையும் இடம்பெறுவது வழக்கமாக உள்ளது. மின்னிசைக் கருவிகளுடன் பாடப்படும் புதிய துதிப்பாடல்களும் பரவியுள்ளன.