குறையால் நிறைவுற்ற உலோகம்

1959ஆம் ஆண்டில், அமெரிக்கக் கடற்படையின் மேரிலாண்டு ஆய்வுக்கூடத்தில், வில்லியம் பூலர் என்னும் உலோகவியலார் ஏவுகணையின் முனைக்கூம்புக்கு ஏற்ற கலவையொன்றைத் தேடிக் கொண்டிருந்தார். நிக்கலும் டைட்டேனியமும் ஏறத்தாழச் சம அளவில் அணுக்களைக் கொண்டமைந்த சட்டங்களுள், குளிர்ந்தது தரையில் விழுந்தபோது ஈயம்போல் மந்தமாக ஒலித்தது. சூடாயிருந்ததோ மணிபோல் கணீரென்றது. ஒலி மாறின் உள்ளமைப்பும் மாறியிருத்தல் வேண்டும் என அவர் உய்த்துணர்ந்தார். 1961இல் அங்கு நிகழ்ந்த ஒரு கூட்டத்தில், நெளிநெளியாக மடித்த தகடொன்றை டேவிட் மஸி என்பார் புகைக்குழாய் பற்றவைக்கும் கருவியால் சுடவைக்க, அது தானே நிமிர்ந்தது. அக்கலவையே நிட்டினால். சுவீடன் அறிஞர் ஓலண்டர் 1932லேயே தங்கமும் காட்மியமும் கலந்த கலவையில் இத்தகைய போக்கைக் கண்டிருந்தார். ஆயினும், தங்கத்தால் யார் விற்சுருள் செய்வார்?

எஃகுக் கம்பி நூற்றுக்கு ஒரு பங்குகூட நீண்டு மீளாது. நிட்டினாலோ ஏறத்தாழ 8 பங்கு நீண்டு மீளவல்லது. இழுக்கும்போது அதன் அணுவரிசைகள் கூட்டாகச் சாய்ந்து வேறோர் அமைப்பைக் கொள்கின்றன. விசை நீங்கியதும் பழைய நிலைக்குத் திரும்புகின்றன.

இங்கேதான் ஒரு முரண் எழுந்தது. நன்றாகக் காய்ச்சிக் குறைகளை நீக்கிய கலவை முழுமையாக மீள்வதில்லை. உலோகம் நிலையாக வளைவது அணுவரிசைப் பிறழ்வுகள் நழுவுவதால் என்பதை 1934இல் டெய்லர், ஓரோவான், போலான்யி ஆகிய மூவரும் தனித்தனியே விளக்கினர். விரித்த ஜமக்காளத்தை முழுதாக இழுப்பதினும் அதிலுள்ள ஒரு சுருக்கத்தைத் தள்ளி நகர்த்துவது எளிதன்றோ! அவ்வாறு நழுவிய வரிசை திரும்பி வாராது. ஆனால் பிறழ்வுகள் பெருகி நெருங்கினால் ஒன்றையொன்று மறித்துக்கொள்ளும். குளிர்நிலையில் தட்டத் தட்டக் கம்பி விறைப்பதைத் தட்டார் நெடுங்காலமாக அறிவர்.

ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் மியாசாகி, ஒட்சுகா முதலியோர் 1981, 1982ஆம் ஆண்டுகளில் இவ்வழியையே நாடினர். குளிர்நிலையில் உருட்டிய கலவையை 400 பாகை சென்டிகிரேடு அளவில் சூடாக்கினர். பிறழ்வுகள் அழியாமல் அமைந்தன. நிக்கல் சற்று மிகுந்த கலவையில் நுண்துகள்களும் தோன்றின. நழுவும் வழி அடைபடவே, சாய்ந்து மீளும் வழியே எஞ்சியது.

எல்லாக் குறையும் நன்மை செய்வதன்று. காலின் இரத்தக் குழாயைத் தாங்கும் நிட்டினால் வலைக்குழல் ஒவ்வோர் அடிக்கும் வளைந்து மீள்கிறது. உருக்கும்போது கலந்த கரியும் ஆக்சிஜனும் உண்டாக்கும் கடுந்துகளொன்று அதிலிருப்பின், வெடிப்பு அவ்விடத்திலேயே தொடங்கக்கூடும். எனவே பிறழ்வுகளை வேண்டிப் புகுத்துவோரே, காற்றை நீக்கிய உலையில் அக்கலவையை உருக்குகின்றனர்.