வீடு திரும்பியவர்களின் காதல்: வில்லியம் வைலரின் இரு படங்கள்

ஹாலிவுட்டின் போர்க்காலக் காதல் படங்களை நினைத்தாலே பிரிவுக் காட்சிகள்தாம் முன்வந்து நிற்கும். 'காஸாபிளாங்கா'வில் (1942) மூடுபனி கவிந்த விமான நிலையம். 'சின்ஸ் யூ வென்ட் அவே'யில் (1944) நகரும் ரயிலோடு கூடவே ஓடும் ஜெனிஃபர் ஜோன்ஸ். பின்சொன்ன படம், போர்முனையில் காணாமற்போன கணவன் உயிரோடு வருகிறான் என்ற செய்தியோடு முடிகிறது. வந்தவனை நாம் பார்ப்பதில்லை. நம் முல்லைத் திணைப் பாடல்கள் பலவும் தலைவனின் தேர் ஊரை நெருங்கும் இடத்தில் நிறைவு பெறுபவையே. தேர் நின்ற மறுநாள் அந்த வீட்டில் என்ன நடந்தது? அந்த மறுநாளை முழு நீளப் படமாக்கியவர் வில்லியம் வைலர். போர்க்கால ஹாலிவுட் தந்த படங்களில் தலையாயது அவருடைய 'தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' (1946) என்பது என் உறுதியான கருத்து. நான்கு ஆண்டுகளுக்கு முன் அவரே எடுத்த 'மிஸஸ் மினிவர்' படத்தை அருகில் வைத்துப் பார்த்தால்தான் அதன் முழு உயரம் தெரியும்.

வைலர் 1902இல், அன்று ஜெர்மனியின் ஆட்சியில் இருந்த அல்சாஸ் பகுதியின் மியூலூஸ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். யூனிவர்சல் நிறுவனத்தின் தலைவர் கார்ல் லேம்லே தாய்வழி உறவினர். அவர் கைகொடுக்க, 1920இல் அமெரிக்கா வந்தார். 'மிஸஸ் மினிவர்' படப்பிடிப்பு 1941 நவம்பரில் தொடங்கியபோது அமெரிக்கா போரில் இறங்கியிருக்கவில்லை. கதையின் ஆங்கிலக் குடும்பமான மினிவர்களின் வீட்டுத் தோட்டத்தில் விழுந்து கிடக்கும் ஜெர்மன் விமானியை வெறிபிடித்த நாஜியாகக் காட்ட வைலர் விரும்பினார், எம்.ஜி.எம். அதிபர் லூயி மேயர் தயங்கினார். டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டது, தயக்கமும் போயிற்று. குண்டு விழுந்து கூரை பிளந்த தேவாலயத்தில் பாதிரியார் ஆற்றும் இறுதி உரையைப் படப்பிடிப்புக்கு முந்தைய இரவுதான் வைலரும் அந்த வேடம் ஏற்ற ஹென்றி வில்காக்ஸனும் திருத்தி எழுதினார்கள். அதிபர் ரூஸ்வெல்ட் அந்த உரையை வானொலியில் ஒலிபரப்பச் செய்தார். படம் ஆறு ஆஸ்கார் விருதுகளை அள்ளியது.

அது நல்ல நோக்கத்தோடு எடுக்கப்பட்ட படம். அதன் வேலையையும் அது செய்தது. ஆனால் அதன் இங்கிலாந்து, கலிஃபோர்னியாவின் கல்வர் சிட்டி ஸ்டூடியோவில் கட்டிய இங்கிலாந்து. ரோஜாத் தோட்டமும் நல்ல உடைகளும் குண்டுவீச்சுக்கு நடுவிலும் கசங்காமல் இருக்கும். 1943 மார்ச்சில் விருது வழங்கப்பட்டபோது வைலர் அங்கில்லை. விமானப்படை மேஜராக நிஜ இங்கிலாந்தில் இருந்தார். மனைவிதான் விருதைப் பெற்றுக்கொண்டார். போரின் மேற்பரப்பைத்தான் அந்தப் படம் தொட்டது என்று பின்னாளில் வைலரே சொன்னார்.

பி-17 குண்டுவீச்சு விமானங்களில் ஏறி ஜெர்மனியின் வானத்தில் அவர் எடுத்ததே 'தி மெம்பிஸ் பெல்' (1944) என்ற ஆவணப்படம். அவருடைய குழுவின் ஹெரால்ட் டானன்பாம் விமானத்தோடு சுட்டு வீழ்த்தப்பட்டு மாண்டார். 1945 ஏப்ரலில் இத்தாலி மீது பறந்து படமெடுத்தபோது வைலரின் செவித்திறன் போயிற்று. ஒரு காது கடைசிவரை மீளவே இல்லை.

அப்படித் திரும்பியவர்தான், தயாரிப்பாளர் சாமுவேல் கோல்ட்வினுக்காக, திரும்பியவர்களின் கதையைக் கையில் எடுத்தார். ராபர்ட் ஷெர்வுட் திரைக்கதை எழுதினார். பூன் சிட்டி என்ற கற்பனை ஊருக்கு மூவர் ஒரே விமானத்தில் வருகிறார்கள். வங்கி அதிகாரியாக இருந்து தரைப்படை சார்ஜன்ட் ஆன ஆல். குண்டுவீச்சுக் கேப்டன் ஃபிரெட். இரு கைகளையும் இழந்து இரும்புக் கொக்கிகள் பொருத்திக்கொண்ட கடற்படை வீரன் ஹோமர். கேப்டனாகப் பதக்கங்கள் வாங்கிய ஃபிரெட்டுக்கு மருந்துக் கடையில் வாரம் 32.50 டாலருக்கு ஐஸ்கிரீம் எடுத்துத் தரும் வேலைதான் கிடைக்கிறது. நடிகர்களைக் கடைக்குப் போய்த் தாங்களே துணி வாங்கி, படப்பிடிப்புக்கு முன்பே அவற்றை உடுத்திப் பழகச் சொன்னார் வைலர். ஸ்டூடியோவின் கசங்காத உடைகளுக்கு அவர் விடை கொடுத்துவிட்டது இதிலேயே தெரிகிறது.

ஆல் வீடு திரும்பும் காட்சியைப் பாருங்கள். கதவு திறந்ததும் மகனையும் மகளையும் சத்தம் போடாமல் தடுக்கிறான். யார் வந்தது என்று உள்ளிருந்து மனைவி மில்லி கேட்கிறாள். பதில் இல்லை. அந்தப் பதிலின்மையே அவளுக்குச் சொல்லிவிடுகிறது. நடைவழியின் ஒரு கோடியில் அவன், மறு கோடியில் அவள். ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்ட் அருகில் இருப்பதையும் தொலைவில் இருப்பதையும் ஒரே தெளிவில் காட்டுபவர். இருவருக்கும் நடுவே விழுந்த ஆண்டுகள் முழுவதும் அந்த நடைவழியில் கிடக்கின்றன. தழுவலோடு முடிந்திருந்தால் இதுவும் இன்னொரு போர்க்காலப் படமாகியிருக்கும். வைலர் மேலே போகிறார். அன்றிரவே ஆலுக்குத் தன் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மனைவியையும் மகளையும் இழுத்துக்கொண்டு மதுக்கடைகளுக்குப் போகிறான். எல்லோர் முன்னும் ஓடித் தழுவியவர்கள் தனியறையில் கூச்சத்தோடு நிற்கிறார்கள். இந்தக் கூச்சத்தைச் சொன்ன காதல் படங்கள் மிகச் சில.

ஹோமராக வருபவர் நடிகர் இல்லை. ஹெரால்ட் ரஸ்ஸல் ராணுவப் பயிற்றுநர்; 1944 ஜூன் 6 அன்று, நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய அதே நாளில், வட கரோலினாவின் பயிற்சி முகாமில் வெடிமருந்து வெடித்து இரு கைகளையும் இழந்தவர். ஒரு ராணுவக் குறும்படத்தில் அவரைக் கண்ட வைலர், படத்தின் மூல நாவலில் வேறு ஊனத்தோடு இருந்த ஹோமரை அவருக்காகவே மாற்றினார். தன்னை மணக்க நிற்கும் வில்மாவைப் படுக்கையறைக்கு அழைத்துப் போய், இரவில் தான் எப்படி இருப்பேன் என்று ஹோமர் காட்டுகிறான். கொக்கிகளைக் கழற்றி வைத்தபின் கதவு சாத்திக்கொண்டால் திறக்கக்கூட இயலாது. கேட்டு நின்ற வில்மா அவன் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிடுகிறாள். போர்க்கால ஹாலிவுட் எடுத்த அத்தனை முத்தக் காட்சிகளையும் நான் இந்தப் பொத்தான்களுக்குக் கீழேதான் வைப்பேன். ஒரே வேடத்துக்காக ரஸ்ஸல் சிறப்பு விருது, துணை நடிகர் விருது என இரண்டு ஆஸ்கார் பெற்றார்.

இரு படங்களையும் இணைக்கும் முகம் ஒன்று உண்டு. 'மிஸஸ் மினிவர்' படத்தில் போருக்குப் போகும் விமானியை மணந்து, கடைசியில் தானே குண்டடிபட்டுச் சாகும் இளம்பெண் டெரெசா ரைட். அதற்காகத் துணை நடிகை விருதும் பெற்றார். 1946இல் அவரே ஆலின் மகள் பெக்கி: இரவில் கெட்ட கனவு கண்டு அலறும் ஃபிரெட்டைத் தேற்றி உறங்கவைப்பவள். முதல் படத்தில் காதலுக்காகச் சாக வேண்டியிருந்தவள், இரண்டாவதில் காதலோடு வாழ வழி தேடுகிறாள். எனக்கு இரண்டாவதுதான் கடினமான வேடமாகப் படுகிறது.

படம் ஏழு ஆஸ்கார்களை வென்ற 1947ஆம் ஆண்டிலேயே அரசியல் காற்று மாறிவிட்டது. ஹாலிவுட்டில் கம்யூனிஸ்டுகளைத் தேடும் நாடாளுமன்ற விசாரணை தொடங்கியபோது, இந்தப் படத்தை இனி இப்படி எடுக்க விடமாட்டார்கள் என்று வைலர் வானொலியில் வெளிப்படையாகச் சொன்னார். பிணை ஏதுமில்லாத முன்னாள் வீரனுக்கு ஆல் வங்கிக் கடன் கொடுக்கும் காட்சியைப் பார்த்தவர்களுக்கு அவர் சொன்னதன் பொருள் விளங்கும்.

திரைப்படக் கழகங்களை நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்விரண்டு படங்களையும் அடுத்தடுத்த நாள்களில், எடுக்கப்பட்ட வரிசையிலேயே திரையிடுங்கள். இரண்டாவது ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும். இடைவேளை விடுங்கள், ஆனால் ஒரு காட்சியையும் வெட்டாதீர்கள்.