ஷாட்கி மின்திருத்தி டையோடு

உலோகமும் குறைக்கடத்தியும் நேரடியாக ஒட்டும் இடத்தில் எழும் மின்தடுப்பைக் கொண்டு, மின்சாரத்தை ஒரே திசையில் செலுத்தும் கருவி ஷாட்கி டையோடு. சாதாரண டையோடில் பி வகை, என் வகை என இரண்டு சிலிக்கன் பகுதிகள் சந்திக்கின்றன. ஷாட்கியில் ஒரு பக்கம் மாலிப்டினம், குரோமியம், பிளாட்டினம் போன்ற உலோகம். மறுபக்கம் பெரும்பாலும் என் வகை சிலிக்கன்.

உலோகத் தொடர்பின் இந்த ஒருவழிப் பண்பை 1874-இல் ஃபெர்டினாண்ட் பிரவுன் கலீனா போன்ற சல்ஃபைடு படிகங்களில் கண்டார். ஜகதீஷ் சந்திர போஸ் கலீனா உணர்கருவிக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். இந்த ஒருவழிப் பண்பு ஏன் எழுகிறது என்பதை 1938-இல் விளக்கியவர் சீமென்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜெர்மானிய இயற்பியலாளர் வால்டர் ஷாட்கி. பெயர் அவரிடமிருந்து வந்தது.

எந்த டையோடும் தன் வழியே மின்னோட்டம் போகும்போது மின்னழுத்தத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு வெப்பமாக வெளிவிடும். சிலிக்கன் டையோடு சுமார் 0.7 முதல் 1 வோல்ட் வரை எடுக்கும்; ஷாட்கிக்கு 0.3 முதல் 0.5 வோல்ட் போதும். 230 வோல்ட் மின்சுற்றில் இந்த வேறுபாடு பொருட்டே இல்லை. 5 வோல்ட்டில் 10 ஆம்பியர் தரும் மின்வழங்கியில் நிலைமை வேறு: 0.8 வோல்ட் இழந்தால் 8 வாட் வீண், 0.45 என்றால் 4.5 வாட். 50 வாட் மட்டுமே வெளியே தரும் கருவிக்கு இது பெரிய மிச்சம். வெப்பம் கடத்தும் அலுமினியத் தகட்டையும் சிறிதாக்கலாம்.

வேகம் இன்னொரு பலம். ஷாட்கியில் மின்னோட்டத்தைச் சுமப்பவை ஏறத்தாழ எலக்ட்ரான்கள் மட்டுமே. சாதாரண டையோடில் போலத் துளைகள் (எலக்ட்ரான் இல்லாத வெற்றிடங்கள்) தேங்கி, அவை வடியும்வரை தலைகீழ் மின்னோட்டம் பாயும் தொல்லை கிடையாது. நொடிக்கு லட்சக்கணக்கான முறை திறந்து மூடும் எஸ்எம்பிஎஸ் எனப்படும் மின்வழங்கிச் சுற்றுகளுக்கு இது அருமையாகப் பொருந்துகிறது.

ஆனால் தடுப்பு தாழ்வாக இருப்பதால் எதிர்த்திசையிலும் கசிவு அதிகம். பரவலாகக் கிடைக்கும் 1என்5819 ஷாட்கி டையோடு, 40 வோல்ட் எதிரழுத்தத்தில் 25 டிகிரி செல்சியஸில் 1 மில்லிஆம்பியர் வரையும், 100 டிகிரியில் 10 மில்லிஆம்பியர் வரையும் கசியவிடலாம். கசிவு சூட்டைக் கூட்ட, சூடு கசிவைக் கூட்ட, வெப்பம் வெளியேற வழியில்லாவிட்டால் டையோடு எரிந்தே போகும்.

சூரிய மின்பலகைகளின் பின்புறப் பெட்டியில் பெரும்பாலும் மூன்று ஷாட்கி டையோடுகள் இருக்கும். பலகையின் ஒரு பகுதியில் நிழல் விழுந்தால் மின்னோட்டம் அந்தப் பகுதியைச் சுற்றிக்கொண்டு இவற்றின் வழியே போகும். நிழல் சட்டென விலகும் தருணம்தான் ஆபத்தானது: நன்றாகச் சூடேறிய டையோடின்மேல் எதிரழுத்தம் விழுகிறது. வெயில் கடுமையான ஊர்களில் இந்தப் பெட்டியின் தரத்தைப் பார்க்காமல் பலகை வாங்குவது தவறு.

சிலிக்கன் ஷாட்கி சுமார் 200 வோல்ட்டுக்கு மேல் அரிது. 2001-இல் இன்ஃபினியான் நிறுவனம் சிலிக்கன் கார்பைடு ஷாட்கி டையோடுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தபின் 600 வோல்ட்டும் கைகூடியது. இன்று 1,200 வோல்ட் வகைகள் மின்வாகன மின்னேற்றிகளில் இயங்குகின்றன. இவற்றின் மின்னழுத்த இழப்பு சுமார் 1.5 வோல்ட். வேகத்துக்காகவே இவற்றைத் தேர்கிறார்கள்.

தாழ்ந்த மின்னழுத்தத்தில் இப்போது மாஸ்ஃபெட் என்னும் டிரான்சிஸ்டர் போட்டியாக நிற்கிறது. 10 மில்லிஓம் மாஸ்ஃபெட் 10 ஆம்பியரில் 0.1 வோல்ட்டே இழக்கும். ஆனால் அதைச் சரியான கணத்தில் திறந்து மூடத் தனிக் கட்டுப்பாட்டுச் சுற்று வேண்டும். ஷாட்கி டையோடுக்கு அது தேவையில்லை.