சொல்லுக்கு முந்திய குரல்: ஃப்ளவர் டிராவலின் பேண்டும் ஜப்பானிய ராக் இசையின் மொழி விவாதமும்

ராக் பாட்டை ஜப்பானிய மொழியில் பாட இயலுமா, ஆங்கிலத்தில்தான் பாட வேண்டுமா என்ற விவாதம் 1970, 71ஆம் ஆண்டுகளில் டோக்கியோவின் இசை இதழ்களில் கடுமையாக நடந்தது. தாய்மொழியின் பக்கம் நின்றது ‘ஹாப்பி எண்ட்’ குழு. அதன் பாடலாசிரியர் மட்சுமோட்டோ தகாஷி அத்தரப்பின் முதன்மைக் குரல். உலகை எட்ட ஆங்கிலமே வழி என்றவர் உச்சிதா யூயா. அவர் திரட்டி உருவாக்கியதே ‘ஃப்ளவர் டிராவலின் பேண்ட்’. பின்னாளில் ஜப்பானிய மொழி ராக் தழைத்ததால் உச்சிதா தோற்றார் என்று வரலாறு எழுதப்பட்டது. 1973 ஏப்ரலில் குழு கலைந்ததும் அத்தோல்விக்குச் சான்றாகச் சேர்க்கப்பட்டது. உச்சிதாவின் வாதத்தையும் குழுவின் இசையையும் ஒன்றெனக் கொண்டதால் வந்த பிழைத் தீர்ப்பு இது. குழுவின் தலைசிறந்த படைப்பு அந்த விவாதத்தின் இரு தரப்புக்குமே அடங்காதது.

1970இல் வந்த முதல் இசைத்தட்டு ‘எனிவேர்’ பெரும்பாலும் பிறர் பாடல்களின் மறுபாடல். பிளாக் சாபத், கிங் கிரிம்சன் ஆகியோரின் பாடல்களும் அதில் உண்டு. அதுவரை இக்குழுவைப் போலி என்று சொன்னவர்களைக் குறை கூற முடியாது. 1971இல் வெளியான ‘சதோரி’யில் நிலைமை அடியோடு மாறுகிறது. அதன் ஐந்து பகுதிகளுக்கும் தனிப்பெயர் இல்லை; எண்கள் மட்டுமே. முதல் பகுதியில் யமனாகா ஜோவின் குரல் சொல்லாக அல்ல, அலறலாகவே நுழைகிறது. இஷிமா ஹிதேகியின் கித்தார், மேற்கத்திய ப்ளூஸ் வழக்கை விட்டு விலகி, கீழைச் சுர வரிசைகளில் ஒரே இசைத்தொடரைத் திரும்பத் திரும்பச் சுற்றிவந்து வளர்க்கிறது. மூன்றாம் பகுதியில் பாட்டே கிடையாது. இதைவிட வலுவான சான்று அடுத்த ஆண்டு கிடைக்கிறது. டொராண்டோவில் பதிவான ‘மேட் இன் ஜப்பான்’ தட்டிலுள்ள ‘ஹிரோஷிமா’ என்ற பாடல், அதே மூன்றாம் பகுதியின் மெட்டுக்கு ஆங்கிலச் சொல் சூட்டியதுதான். ஒரே மெட்டு, சொல்லின்றி ஒருமுறை, சொல்லோடு ஒருமுறை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், சொல் வந்தபின் பொருள் தெளிவாகிறது, ஆனால் இசையின் வீச்சு சுருங்குகிறது. உச்சிதா கேட்ட ஆங்கிலம் இங்கே குழுவுக்குத் துணையாகவில்லை, சுமையாயிற்று.

‘சதோரி’யில் சொல் வருமிடங்களில் அது ஆங்கிலம்தானே என்று கேட்கலாம். உண்மை, ஆனால் அங்கே சொற்கள் மிகச் சில, அவையும் பெரும்பாலும் குரலை ஏந்தும் கொம்புகள் மட்டுமே. மேலை நாட்டாருக்குக் கீழைத்தேய மாயத்தை விற்கும் முயற்சி இது என்பது இன்னும் கனமான மறுப்பு. ஜென் மரபின் ஞானச் சொல்லைத் தலைப்பாக்கியதில் அந்த நோக்கத்தின் சாயல் இருப்பதை மறுக்க மாட்டேன். எனினும் விற்பனைச் சரக்காக இருந்திருந்தால் அந்தக் கீழை நிறம் மேற்பூச்சாக நின்றிருக்கும். இங்கோ கித்தார், தாளம், குரல் மூன்றும் அந்தச் சுர வரிசைகளின் மேலேயே கட்டப்பட்டுள்ளன. அவற்றை எடுத்துவிட்டால் எஞ்ச ஒன்றுமில்லை. இஷிமாவின் நாட்டம் சந்தையோடு முடிந்ததும் அல்ல: பல பத்தாண்டுகளுக்குப் பின், சித்தாரையும் கித்தாரையும் இணைத்து ‘சித்தார்லா’ என்ற கருவியையே அவர் உருவாக்கிக்கொண்டார்.

குழுவின் ஆயுள் குறுகியதற்கும் மொழிக் கொள்கை போதிய காரணம் ஆகாது. 1970 ஒசாகா உலகக் கண்காட்சியில் அறிமுகமான கனடாவின் ‘லைட்ஹவுஸ்’ குழுவின் அழைப்பில் அவர்கள் அந்நாடு சென்று, 1972இல் திரும்பினர். அதற்குள் தாய்நாட்டு ரசிகர்களிடமிருந்து ஓராண்டுக்கு மேல் விலகியிருந்தாயிற்று. 1973 ஜனவரியில் ரோலிங் ஸ்டோன்ஸின் டோக்கியோ நிகழ்ச்சிகளில் தொடக்கக் குழுவாக வாசிக்க இருந்தார்கள்; ஸ்டோன்ஸுக்கு ஜப்பானிய அரசு அனுமதி மறுத்ததால் அந்த மேடையும் போயிற்று. மூன்று மாதங்களில் குழு கலைந்தது; எஞ்சியவை நான்கு இசைத்தட்டுகள்.