தலைவர் பேச்சும் தோட்டத்து வாயிலும்

தேசத் தலைவர் ஒருவர் நம் ஊருக்கு வருகிறார் எனில், தோரணம் கட்டுவதும் மாலை சூட்டுவதும் வாழ்த்துப்பத்திரம் வாசித்தளிப்பதும் நமக்குக் கைவந்த கலை. அவர் கப்பலேறிய பின்னர் நாம் செய்தது யாது என்று வினவினாலோ, வாய் அடைத்துப்போகிறது. அவ்வினாவுக்கு நாணாமல் விடையிறுக்கத் தக்கவர், சிலாங்கூர் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்த நம் தமிழ்ப் பாட்டாளிகளே யாவர்.

1937-ஆம் ஆண்டின் நடுவில் ஜவஹர்லால் நேரு, மகள் இந்திராவுடன் மலாயாவில் சுற்றுப்பிரயாணம் செய்தார். சென்றவிடமெல்லாம் பெருங்கூட்டம். தொழிலாளர் ஒன்றுபட வேண்டுமென அவர் வற்புறுத்தினார். ஆனால் மேடை இருந்தது பட்டணத்தில். தோட்டமோ துரையின் தனிநிலம். லயத்துக்கு உற்றார் வருவதற்கும் அனுமதி வேண்டியிருந்தது. அவ்வாயிலைத் திறக்கும் ஆற்றல் எந்தச் சொற்பொழிவுக்கும் இருந்ததில்லை. அடுத்த ஆண்டே, 50 காசாயிருந்த ஆண்களின் நாட்கூலி 45 காசாயிற்று. 1938 ஜூனில் இந்திய அரசாங்கம், உதவியளித்துத் தொழிலாளரை அங்கு அனுப்பும் முறையை நிறுத்திற்று.

பேச்சைக் கேட்டவர் வாளாவிருந்தனரா? இல்லை. 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் மூண்டது. அவர்கள் கேட்டவை யாவை? சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, தக்க மருத்துவ வசதி, கள்ளுக்கடை ஒழிப்பு, பெண்களின் மானத்துக்குக் காப்பு, கூட்டங்கூடிப் பேசும் உரிமை, உற்றார் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோகும் உரிமை ஆகியன. இவற்றோடு மற்றொன்றும் கேட்டனர்: துரையையும் கிராணியையும் எதிரே கண்டால் சைக்கிளை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை! காசுக்கு மட்டும் எழுந்த கிளர்ச்சியன்று இது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

மே 5-ஆம் நாள் கிள்ளான் இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். கிளர்ச்சி கோலசிலாங்கூர்த் தோட்டங்களுக்கும் பரவியது. மே 16-இல் சிலாங்கூரில் நெருக்கடிநிலை பிரகடனமாயிற்று. அடக்க வந்த பட்டாளத்தில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். துப்பாக்கிக்கு ஐவர் இரையாயினர்.

இன்று அவ்வட்டாரத்தில் ரப்பர் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. பாத்தாங் பெர்ஜுந்தையின் பெயரும் பெஸ்தாரி ஜெயா என மாறிவிட்டது. தலைவர்கள் வருகிறார்கள், மாலைகளும் விழுகின்றன. ஆனால் தலைவருக்குச் செய்யும் மரியாதை மாலையில் இல்லை, அன்பர்களே! சைக்கிளை விட்டு இறங்க மறுத்த அந்தப் பாட்டாளியின் கால்களில் இருக்கிறது.